எஸ்டிமேட் போட முதல் எங்களையும் கேளுங்கோ

எங்கட பிரதேச சபை அண்ணைமார், அக்காமாருக்கு வணக்கம்.

2025 மே 6 வோட்டுப் போட்டு உங்களை அனுப்பின சனத்தில நானும் ஒராள். 2023 மார்ச்சில பழைய சபையளின்ர காலம் முடிஞ்சாப் பிறகு கதைக்க ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் கிடந்தம், அதால நீங்கள் வந்தது மெய்யாவே சந்தோசம்தான். ஆனா ஒண்டு சொல்லோணும்.

ஒழுங்கைக்கு வெள்ளவாய்க்கால் கட்டினீங்கள், நல்லம். கூட்டம் வைச்சது கிழமைநாள் காலமை, தோட்டத்துக்கு கூலிக்குப் போற பொம்பிளையள் எப்பிடி வாறது, வந்த வயசுபோன ஆக்கள் வாய் திறக்க முதலே எஸ்டிமேட் முடிஞ்சுது இதில கையெழுத்தை வையுங்கோ எண்டு பிளேன்ரீயோட அனுப்பியாச்சு. மாரித் தண்ணி எந்த வளவால இறங்கி குளத்துக்குப் போகும் எண்டு தெரிஞ்ச ஆக்களே அவைதான். இப்ப வாய்க்கால் ஒழுங்கையை விட உயரம், தண்ணி வீட்டு முத்தத்தில.

தண்ணி வத்தும், அது பரவாயில்லை. "எங்களை ஆர் கேக்கினம்" எண்டு சனம் ஒதுங்கிறதுதான் எனக்குக் கவலை. 1995 ஒக்டோபர் 30 சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டதில இருந்து எங்க இருக்கிறது, எப்ப சொந்தக் காணிக்குத் திரும்புறது எண்டு எல்லாம் வேற ஆரோ முடிவெடுத்த சீவியம் எங்கட. இந்தச் சனத்தை ஒரு வாய்க்காலுக்கும் கேக்காட்டி பிறகென்ன?

சும்மா ரோசத்தில சொல்லேல்லை. லண்டனில அரசாங்க உத்தியோகத்தரை வைச்சு மைக்கேல் மார்மட் ஆக்கள் கனகாலமா செய்த வைட்ஹோல் ஆய்வில, தன்ர வேலையில தனக்கே ஒரு பிடி இல்லாத ஆக்களுக்குத்தான் இருதய வருத்தம் கூட வந்திருக்கு. பிரேசிலில போர்ட்டோ அலெக்ரே நகரத்தில 1989ல இருந்து எந்த வேலைக்கு முதல் காசு எண்டு சனமே கூடி முடிவெடுத்தது, பிறகு வேற கன நகரங்களும் அதைப் பாத்துச் செய்ய, அந்த இடங்களில குழந்தையள் சாகிறது குறைஞ்சதெண்டு ஆய்வுகள் சொல்லுது. தண்ணி, கழிவு வாய்க்கால், ஆஸ்பத்திரி எண்டு சனத்துக்குத் தேவையானதுக்கு காசு போனதுதான் காரணம், மாயமொண்டும் இல்லை.

அதுக்காக கூட்டம் வைச்சாப் போதும் எண்டும் நினைக்காதேங்கோ. ஞாயிறு பின்னேரம் வையுங்கோ. வாசிகசாலையில வைக்கிறதெண்டா யோசிச்சு வையுங்கோ, சில ஆக்கள் இண்டைக்கும் அதின்ர வாசலோட நிக்கினம், ஏனெண்டு உங்களுக்கும் தெரியும், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லுறேல்லை. பள்ளிக்கூட மண்டபம் எல்லாருக்கும் பொது. சட்டப்படி சபையில நாலில ஒண்டு பொம்பிளையளுக்கு, அந்த அக்காமார் எழும்பிக் கதைக்கேக்க "பிறகு பாப்பம்" எண்டு இருத்தாதேங்கோ. நாங்கள் கேட்டது சரிவராதெண்டா, ஏன் சரிவராது எண்டு அதே மண்டபத்தில சொல்லுங்கோ, காசில்லை எண்டாலும் விளங்கிக் கொள்ளுவம்.

அடுத்த வருசப் பாதீட்டை சபைக்குக் கொண்டுபோக முதல் எங்கட வட்டாரத்துக்கு ஒரு திகதி தாங்கோ. ஒழுங்கைப் படத்தையும் கொண்டு வாங்கோ, தண்ணி போற பாதையை கிழவர்மார் அதிலயே கீறிக் காட்டுவினம்.

இப்பிடிக்கு,
ஒழுங்கைத் தொங்கல் வீட்டுக்காரி