குகையில் தேடினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வௌவால்களில் நடக்கும் கொரோனா வைரஸ் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குகைக்குள் வலை கட்டி, வௌவாலின் எச்சிலையும் எச்சத்தையும் சேகரிப்பவர்களின் பாட்டை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் படித்து முடித்ததும், கொரோனா என்றால் வௌவால், அதுவும் சார்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவிய 2003க்குப் பிறகுதான் உலகத்துக்கே தெரியும் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. கால்நடை மருத்துவத்தில் காலம் தள்ளியவன் நான். இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோழிக்குஞ்சுகள் மூச்சுத் திணறிச் சாவதை ஷால்க், ஹான் என்ற இருவர் 1931லேயே பதிவு செய்துவிட்டார்கள். அந்த நோயின் வைரஸ்தான் இந்தக் குடும்பத்தில் முதலில் பிடிபட்டது. 1946இல் பன்றிக்குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு, அப்புறம் எலிகளின் கல்லீரல் அழற்சி என்று பட்டியல் நீண்டது. 1960களில் ஜலதோஷம் பிடித்த மனிதர்களிடமிருந்து கிடைத்த ஒரு வைரஸை ஜூன் அல்மெய்டா என்ற பெண் விஞ்ஞானி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கோழியிலும் எலியிலும் தான் ஏற்கெனவே பார்த்த அதே உருவம் என்று அவருக்குப் பட்டென்று பிடிபட்டது. 'கொரோனா வைரஸ்' என்ற பெயரே 1968இல்தான் அச்சேறியது. அதாவது, மனிதனுக்கு வந்ததை அடையாளம் காணக் கோழியும் எலியும்தான் கைகொடுத்தன.

2021இல் கோவிட் பற்றி 'புதிய திரிபு, தடுப்பூசி கேட்குமா?' என்று தொலைக்காட்சிகள் அலறியபோது கோழிப்பண்ணை மருத்துவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இருந்திருக்காது. கோழியின் கொரோனாவில் ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைச் சரியாகத் தடுக்காது, புது வகை வந்தால் ஊசியை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம். அந்த அனுபவத்தை யாராவது கேட்டார்களா? கேட்டதாக எனக்குத் தெரிந்து பெரிதாக எதுவும் இல்லை.

பன்றி விஷயம் இன்னும் சுவாரசியமானது. 1984இல் பெல்ஜியத்தில் பன்றிகளின் நுரையீரலில் ஒரு கொரோனா வைரஸைக் கண்டார்கள். ஆராய்ந்தால், அது குட்டிகளைக் கொன்றுகொண்டிருந்த அந்தப் பழைய குடல் வைரஸேதான். வைரஸ் உடல் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் ஸ்பைக் என்ற முள் புரதத்துக்கான மரபணுவில் ஒரு துண்டு உதிர்ந்துபோக, குடலை விட்டு மூச்சுப்பாதைக்குக் குடிமாறிவிட்டது. இந்த லேசான வைரஸ் தொற்றிய பன்றிகளுக்குப் பழைய கொடிய நோயிலிருந்தும் பாதுகாப்பு கிடைத்தது. யாரும் ஊசி போடாமலே, ஊர் ஊராகப் பரவிய தடுப்பூசி! ஆனால் எல்லாக் குடிமாற்றமும் இப்படி நல்லதாக முடியாது. 2016-17இல் சீனாவின் குவாங்டொங்கில் 24,000க்கும் மேற்பட்ட பன்றிக்குட்டிகள் செத்தபோது, அதற்குக் காரணமான வேறொரு கொரோனா வைரஸின் நெருங்கிய உறவு அங்குள்ள லாட மூக்கு வௌவால்களிடம் இருந்தது தெரியவந்தது.

பூனையையும் சொல்லிவிடுகிறேன். பூனையின் குடலில் சாதுவாக இருக்கும் கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடலுக்குள்ளேயே உருமாறி, வயிற்றில் நீர் கோக்க வைத்துக் கொன்றுவிடும். கிட்டத்தட்ட மரண தண்டனையாக இருந்த அந்த நோயிலிருந்து பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிய மருந்து ஆய்வு 2019இல் வெளியானது. கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ரெம்டெசிவிருக்கு அந்த மருந்து மிக நெருங்கிய சொந்தம்.

வௌவால் ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சார்ஸ் வைரஸின் உறவுகள் லாட மூக்கு வௌவால்களிடம் இருப்பதை 2005இல் கண்டுபிடித்தது பெரிய வேலை. ஆனால் 2003இல் குவாங்டொங் சந்தைகளில் அந்த வைரஸ் அகப்பட்டது, கூண்டில் அடைத்து விற்கப்பட்ட புனுகுப்பூனைகளிடம். மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய் மனிதரிடம் 2012இல் தெரியவந்தது; உறுதியான நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்தார்கள். பிறகு, 1983 வாக்கில் சோமாலியாவிலும் சூடானிலும் ஒட்டகங்களிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தால், அந்த வைரஸ் முன்பே தொற்றியதைக் காட்டும் ஆன்டிபாடி அதிலேயே இருந்தது. ஒட்டகத்துக்கு வருவது லேசான சளிதான். சளி பிடித்த ஒட்டகத்தை யார் பரிசோதிப்பார்கள்? முப்பது வருடம் யாரும் பார்க்கவில்லை.

இப்படிப் பார்க்காமல் விட்டது இன்னும் எவ்வளவோ. மலேசியாவின் சரவாக்கில் நிமோனியாவுடன் மருத்துவமனைக்கு வந்தவர்களின் பழைய மாதிரிகளில் நாய் கொரோனா வைரஸின் சாயல் கொண்ட ஒன்றும், ஹைட்டியில் காய்ச்சல் கண்ட மூன்று குழந்தைகளிடம் பன்றியின் டெல்டா கொரோனா வைரஸும் (கோவிடின் டெல்டா திரிபு அல்ல, இது வேறு) இருந்ததாக 2021இல் ஆய்வுகள் வந்தன. நோய்க்குக் காரணம் அதுதான் என்று நிரூபணமாகவில்லை, சரி. ஆனால் தேடியதால்தானே கிடைத்தது? பண்ணையில் வேலை செய்பவர், இறைச்சிக்கூடத்தில் அறுப்பவர், ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோரின் ரத்தத்தையும் அவர்கள் கைபடும் விலங்குகளின் ரத்தத்தையும் ஒரே நேரத்தில், வருடா வருடம் சோதித்தால் என்ன? குகைக்குள் போவதைவிடச் செலவு குறைவாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பரபரப்பும் குறைவு, அதனால்தான் காசு கொடுக்க ஆள் இல்லையோ என்று சந்தேகப்படுகிறேன். மனித மருத்துவர் ஒரு கோப்பு, கால்நடை மருத்துவர் ஒரு கோப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கும் வழக்கமும் மாற வேண்டும். 2020இல் டென்மார்க்கில் மனிதரிடமிருந்து, ரோமத்துக்காக மிங்க் என்ற கீரி போன்ற விலங்கை வளர்க்கும் பண்ணைகளுக்குப் போன கோவிட், உருமாறி மனிதருக்கே திரும்பியது. கடைசியில் அந்த நாட்டின் மிங்க் அத்தனையையும் கொல்ல உத்தரவு போட்டார்கள்.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்ட சிவந்த கண், விரிந்த பல் வௌவால் படம் தேவையே இல்லை. பயந்துபோனவர்கள் முதலில் செய்வது வௌவாலை விரட்டுவது. உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் 2007இல் மார்பர்க் என்ற கொடிய ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸ் (இது கொரோனா அல்ல) வந்தபின் அங்கிருந்த வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். 2012இல் அருகிலேயே மறுபடி நோய் வந்தது. சுரங்கத்துக்குத் திரும்பி வந்து குடியேறியிருந்த வௌவால்களிடம் தொற்று முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை போடும்போது ஒரு கால்நடை மருத்துவரையும் எழுதச் சொல்லுங்கள். படத்துக்கு ஒட்டகமோ கோழியோ கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்