அதிகாரிகளுக்குப் பிடிக்காத கிறிஸ்துமஸ் ஜாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் இசை பற்றி எழுதும்போது வின்ஸ் குவரால்டியை விட்டுவிடாதீர்கள். 1965-இல் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்ற தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்கு இசையமைத்த சான் பிரான்சிஸ்கோ பியானோ கலைஞர் அவர். பியானோ, பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். குழந்தைகள் படத்துக்கு ஜாஸ் இசையா என்று, அதை ஒளிபரப்பவிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்-இன் அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பானதும் மக்கள் கொண்டாடிவிட்டார்கள்.

எனக்கு உயிர், அதில் பாடும் பிள்ளைகளின் குரல்தான். கலிபோர்னியாவின் சான் ரஃபேல் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுச் சிறுவர் சிறுமியர் பாடியது. சுருதி அங்கங்கே லேசாக விலகும். அதைத் திருத்தி மெருகேற்றாமல் விட்டதைத்தான் பெரிய ரசனை என்பேன்! 'கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்' பாட்டுக்குப் பாடலாசிரியர் அமையாததால், தயாரிப்பாளர் லீ மெண்டல்சனே ஓர் உறையின் பின்புறத்தில் சில நிமிடங்களில் வரிகளை எழுதிக் கொடுத்தார். மெட்டில் மெல்லிய சோகம் இழையோடும். பண்டிகை நாளில் தனித்திருப்பவர் மனதையும் அது தொடும்.

குவரால்டி 1976-இல், 47 வயதில் காலமானார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012-இல் இந்தக் கார்ட்டூனின் இசை ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. டிசம்பர் பிறந்தால் இன்றும் அது அமெரிக்க இசைத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் ஏறிவிடுகிறது. ஞாயிறு இணைப்பில் அவரைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.