அரை மில்லி மருந்துக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊருக்கு வந்த 108 வண்டியின் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) தங்கச்சிக்கும், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் அண்ணனுக்கும், அன்றைக்கு உதவிய மற்ற எல்லோருக்கும் வணக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

தென்னையில் காய்ந்து தொங்கிய மட்டையை அப்பா கீழிருந்து துரட்டியால் இழுத்தார். மட்டையோடு சேர்ந்து கதண்டுக் கூடும் கலைந்து, அந்தப் பெரிய விஷக் குளவிகள் அவரைக் கொட்டிவிட்டன. டெல்டாக்காரர்களுக்குக் கதண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வலியாக இருந்திருந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் சற்று நேரத்திலேயே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மிப்போய், வாந்தியும் எடுத்தார். எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். கொட்டிய விஷத்துக்கு உடம்பு காட்டிய கடுமையான ஒவ்வாமை அது.

முதல் நன்றி எதிர்வீட்டு மாமாவுக்கு. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று ஆளாளுக்குக் கிளம்பியபோது, “யாரும் தூக்காதீங்க” என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு 108-க்கு அடித்தவர் அவர்தான். போனை எடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னார்: உட்காரவைக்காதீர்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். பிரஷர் விழுந்து கிடக்கும் ஆளைத் திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்து உயிரே போகலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகு விளக்கினார். பைக்கில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

தங்கச்சி, நீங்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் அப்பாவின் முகத்தைப் பார்த்தீர்கள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தீர்கள், பிரஷர் பார்த்தீர்கள். சின்னக் கண்ணாடி ஆம்பியூல் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நிறம் மாறியிருக்கிறதா, தேதி தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆம்பியூலின் கழுத்தை உடைத்தீர்கள். மருந்தின் பெயர் அட்ரினலின். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். அதில் பாதியை மட்டும் ஊசியில் ஏற்றி, அப்பாவின் கைலியை விலக்கி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டீர்கள். “கையில நரம்பு பாத்துப் போட மாட்டீங்களா?” என்று என் தம்பி கேட்டான். “இதுக்குத் தொடைதான்ணே, சீக்கிரம் ஏறும்” என்று குனிந்தபடியே சொன்னீர்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவர், “ஒரு ஏவில் போட்டா சரியாப்போயிடும்” என்றார். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த ஊசி அதுதானே! அரிப்புக்கும் தடிப்புக்கும் அது கேட்கும். விழுகிற பிரஷரைத் தூக்காது, அடைக்கிற மூச்சுக்குழலைத் திறக்காது. அந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது அட்ரினலின்தான். ஏவிலும், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் அதற்குப் பின்னால் வரவேண்டியவை. அவரோடு வாதாடாமல் உங்கள் வேலையைப் பார்த்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஆக்சிஜன் வைத்து, சலைன் ஏற்றினீர்கள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் பிரஷர் போதாததால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு இன்னொரு அரை மில்லி போட்டீர்கள். வண்டி பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் அப்பா கண்ணைத் திறந்து, “துரட்டிய எடுத்து வச்சாச்சா?” என்றார். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குலுங்காமல் ஓட்டிய பைலட் அண்ணனுக்கும், முகம் தெரியாத அந்த மருத்துவருக்கும் எங்கள் வணக்கம்.

ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே தனியாகப் பிரித்தெடுத்து 1901-ல் அறிவித்த மருந்து இது என்று பிறகு படித்தேன். நூறு வருஷம் தாண்டிய பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் வெயிலும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். மே மாதத்தில் ரோட்டோரம் நிற்கிற வண்டிக்குள் அது கெடாமல் இருக்க வேண்டும், தீர்ந்த இடத்தில் புதிது வந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து, தேதி பார்த்து, கையெழுத்துப் போடுகிறவர்களை யாரும் வாழ்த்துவதில்லை. முந்தைய ஷிஃப்டில் அந்தப் பெட்டியை எண்ணி வைத்தவர் யாரோ, அவருக்குத்தான் இந்த மடலில் பெரிய நன்றி.

அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பக்கூடும் என்று அப்பாவை இரவு முழுக்கக் கண்காணித்த அரசு மருத்துவமனை நர்ஸம்மாக்களுக்கும், மறுநாள் இருட்டிய பிறகு வந்து கூட்டை அழித்த தீயணைப்பு வீரர்களுக்கும் நன்றி.

அப்பா நன்றாக இருக்கிறார். இந்தப் பக்கம் வண்டி சும்மா வந்தால் நிறுத்துங்கள், இளநீர் வெட்டித் தருவார். மட்டை இழுப்பதற்கு இப்போது ஆள் வைத்திருக்கிறோம்.