பொட்டுக்குள்ளால் வந்த ஆடு: சித்திர வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்தின் அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்தபோது, ‘கையெழுத்து நல்லது’ என்பதுதான் சொல்லப்பட்ட ஒரே காரணம். படம் கீறத் தெரியாதவன் எழுதிய அறிக்கை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வழமையான விடயங்களைக் கெதியாக முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் வாசிகசாலையின் பின்விறாந்தையில் நடந்தன. மாரி மழையால் ஒன்று தடைப்பட்டது. சிறுவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு தொடர்ந்தது. அங்கத்தவர்களில் இருவர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவர் அங்கிருந்தும் படம் அனுப்புகிறார், மற்றவர் வாழ்த்து மட்டும் அனுப்புகிறார். கண்காட்சி ஒன்று வைத்தோம். சரி.

இனி எங்கள் பகிடிப் படத் தொடர் ‘வேலி அண்ணை’.

புதிய அங்கத்தவர்களுக்காக ஒரு சொல். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இருட்டில் அரிக்கன் லாம்பைச் சுற்றி இருந்தவர்கள், பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் தொடங்கியதுதான் இந்தப் பகிடித் தொடர். கடதாசி விலை அப்போது அப்படி. தாளை நாலாக மடித்தார்கள், நாலு கட்டம் வந்தது. ஏன் நாலு கட்டம் என்று கண்காட்சியில் ஒரு ஆசிரியர் கேட்டபோது எங்கள் ஓவியர் கலைக்கோட்பாடு ஏதோ சொன்னார். உண்மை இதுதான்.

கதை உங்களுக்குத் தெரியும். வேலி அண்ணைக்கும் பக்கத்து வளவு மாமிக்கும் எல்லைத் தகராறு. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது வேலிக்கு நட்ட கதியால் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது என்று அவர் சொல்லுவார், நகர்ந்தது உங்கடை கண் என்று மாமி சொல்லுவா. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று கணக்குப் பார்க்கிற ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த ஆண்டு நிர்வாகசபை ஒரு தீர்மானம் எடுத்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணித்தியாலம் ‘கற்பனை நேரம்’. எல்லோரும் வட்டமாக இருந்து புதுப் பகிடி யோசிக்க வேண்டும், செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்தேன். இந்த அறிக்கைக்காக அந்தக் கூட்டக் குறிப்புகளை முழுதாகப் புரட்டிப் பார்த்தேன். ‘தேர்தலைப் பற்றிப் போடலாம்.’ ‘வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவைப் பற்றிப் போடலாம்.’ ‘கலியாணத்தரகர்.’ எல்லாவற்றுக்கும் கீழே ஒரே முடிவு: அடுத்த கூட்டத்தில் ஆராய்வது.

அந்த நேரத்தில் எது சொன்னாலும், “அது சுந்தர் எப்பவோ கீறிப்போட்டார்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பிழையில்லை. சுந்தர் என்ற சிவஞானசுந்தரம், 1963இல் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கி, சவாரித் தம்பர் முதலான தன் கேலிச்சித்திரப் பாத்திரங்களைக் கொண்டு இந்த ஊரை ஒரு சுற்று சிரித்து முடித்தவர். பழைய இதழ்கள் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் கிடைக்கின்றன, பார்த்தாலே தெரியும். யோசித்து எடுக்கிற பகிடி எல்லாம் அவர் நடந்த ஒழுங்கையிலேயே போய் நிற்கிறது. எங்களுடையது என்று சொல்லக்கூடியவை எல்லாம் பிழைவிட்டபோது வந்தவை. குறிப்புப் புத்தகத்தின் ஓரங்களில் இருப்பவை அவைதான்.

முதலில் ஆடு. சித்திரை மாதத்துப் படத்தில் எங்கள் ஓவியர் வேலியைக் கீறிக்கொண்டு வந்தார், கட்டத்தின் விளிம்புக்கு ஒரு அங்குலம் இருக்கையில் தேநீர் குடிக்க எழும்பிப் போனார். திரும்பி வந்தால் மை காய்ந்துவிட்டது. நீட்டினால் ஒட்டுப்போட்டது தெரியும், விட்டால் வேலியில் பொட்டு, அதாவது ஓட்டை. “பொட்டு இருந்தால் ஆடு வரத்தானே வேணும்” என்று பக்கத்தில் இருந்த தங்கச்சி சொன்னா. இடைவெளியை மறைக்க ஒரு மறியாட்டின், அதாவது பெட்டையாட்டின், தலை, வாயில் வேலிக் கிளுவையின் குழை. அவ்வளவுதான். அடுத்த மாதம் எல்லோரும் ஆட்டைத்தான் கேட்டார்கள். இரண்டு வருடமாக எல்லைச் சண்டையை எப்படி வளர்ப்பது என்று மண்டையை உடைத்தோம். எல்லையையே தின்கிற ஒருத்தி வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் ஆட்டுக்கு வசனம் எழுதும் போட்டி. நான்கூட மூன்று எழுதினேன், நல்லவை என்றே இன்றும் நினைக்கிறேன். கண்காட்சிக்கு வந்த ஒரு சின்னப்பிள்ளை ஆட்டைக் காட்டி, “இது எல்லாம் கேட்டுக்கொண்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்குது, எங்கடை அம்மம்மா மாதிரி” என்று சொன்னதோடு அந்தப் போட்டி முடிந்தது. ஆடு கதைக்காது என்று அன்றே விதி வைத்தோம். அதற்குப் பிறகு வேலை இலகுவானது. ஆடு சும்மா பார்க்கும், மனிதர்கள் அந்தப் பார்வைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள்.

கலண்டர்த் தாளும் தன் பங்குக்கு ஒன்று தந்தது. மெல்லிய தாள் ஒன்றில் மறுபக்கத்து இலக்கம் ஊடாகத் தெரிந்து, ஆட்டின் நெற்றியில் 8 என்று நின்றது. நாங்கள் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள், இது லொத்தர் இலக்கமா, தாயத்தா, அரசாங்கம் ஆட்டுக்கும் பதிவு தொடங்கிவிட்டதா என்று கேட்டார்கள். பதிவு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓவியர் மூன்று மாதம் ஓட்டினார்.

பிரதி எடுத்துக் கொடுத்த கடையைப் பற்றி நான் இங்கே குறைசொல்லப் போவதில்லை. மூன்றாம் நாலாம் கட்டங்கள் இடம்மாறி வந்தன, அது உண்மை. மாமி ஏணியோடு கிணற்றுக்குள் நிற்கிறா, அதற்குப் பிறகுதான் ஏன் இறங்கினா என்பது வருகிறது. காசைத் திருப்பிக் கேட்கப் பொருளாளர் புறப்பட்டுவிட்டார். அதற்குள் வாசிகசாலையில் ஒருவர் அதை வாசித்துவிட்டுப் புரைக்கேறும்வரை சிரித்தார். முடிவு முன்னாலே தெரிந்தால் காரணத்துக்காகக் காத்திருக்கிறோம், காரணம் அற்பமாக இருக்கும்போது சிரிப்பு கூடுகிறது. ஓவியர் இப்போது வேண்டுமென்றே அப்படிக் கீறுகிறார். ஆனால் வேண்டுமென்று கீறியவற்றில் பாதி எடுபடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எனக்குப் பிடித்தது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பற்றிய படம். எங்கள் காப்பாளர், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவர். ஒருநாள் தேநீருக்குச் சீனி போதாது என்று தொடங்கிய கதை எப்படியோ காணி விற்பனைக்குப் போனது. ஒல்லாந்தர் 1707இல் நமது வழமைகளைத் தொகுத்ததையும், பங்குக் காணியை வெளியாருக்கு விற்கமுன் கூட்டுச் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி இடையில் மறித்தா: “அப்ப ஆட்டுக்கும் அறிவிக்க வேணுமே ஐயா? வேலியிலை பாதி அதின்ரை வயித்துக்குள்ளைதானே?” ஐயா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, “மனு போட்டால் பதில் எழுதத்தான் வேணும்” என்றார். அந்த மனுவின் சட்டத்தமிழ் முழுவதும் அவருடையது. வேலி அண்ணையே ஆட்டின் சார்பில் கையொப்பமிடுகிறார், ஆடு மனுவின் கடைசிப் பக்கத்தைத் தின்கிறது. கற்பனை நேரம் வைத்து நூறு கூட்டம் கூடினாலும் இது வந்திருக்காது.

ஆகவே ‘கற்பனை நேரம்’ என்ற உருப்படியை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிடும்படி பிரேரிக்கிறேன். சும்மா இருந்தால் எல்லாம் வரும் என்று நான் சொல்லவில்லை. ஓவியர் ஆடி தவிர ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் மை தொட்டபடியால்தான் பிழைவிட வாய்ப்பே கிடைத்தது. கீறாமல் இருந்த ஆடி மாதத்தில் ஒரு விபத்தும் நடக்கவில்லை, ஒரு பகிடியும் வரவில்லை. கூட்டத்துக்கு வந்து கீறுங்கள், யோசிப்பதற்கென்று தனியாக நேரம் வேண்டாம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘தேநீர், வடை’ என்ற செலவுக்கு எதிரே அவர் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். மேலே சொன்ன சம்பவங்களில் எத்தனை தேநீர் நேரத்தில் நடந்தவை என்பதைச் சபை கவனிக்க வேண்டும். அந்தத் தொகையைச் சில்லறைச் செலவிலிருந்து எடுத்து, மை, தூரிகை வாங்கிய உருப்படியோடு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டக் குறிப்பு ஒன்றில் ஆட்டைக் ‘கிடாய்’ என்று எழுதியிருந்தேன். அது மறி. திருத்தத்தோடு இவ்வறிக்கையைச் சபை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்