அப்பாவின் ஜன்னல்

வசந்தி,

உன் மூன்று செய்திகளுக்கும் பதில் போடாதவள் எழுதுகிறேன். திட்டி முடித்துவிட்டு மேலே படி. முழங்கால் பரவாயில்லை, இவர் அப்படியேதான் இருக்கிறார், பெரியவன் வேலை மாறிவிட்டான். வீட்டுச் சமாச்சாரம் அவ்வளவுதான்.

எழுத வைத்தது, உன் வீட்டை மாற்றிக் கட்ட நீ அனுப்பிய வரைபடம். நடுச்சுவர் இரண்டையும் எடுத்துவிட்டு எல்லாம் ஒரே ஹாலாம், மேலே ஃபால்ஸ் சீலிங்காம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அப்பாவின் ஜன்னலைக் காணோம். அந்த இடத்தில் டிவி என்று போட்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல நீ யாரடி என்பாய். நானே என் கூடத்தில் இருபத்து நாலு ஸ்பாட்லைட் போட்டுக்கொண்டவள். எல்லாவற்றையும் ஏற்றினால் ஆபரேஷன் தியேட்டர்தான். வருகிறவர்கள் முகமெல்லாம் நோயாளி முகமாகத் தெரிகிறது. இப்போது மூலையில் ஒரே ஒரு மேசை விளக்கு எரிகிறது. முக்காலி விவகாரத்துக்குப் பிறகு நான் செய்த பெரிய மடத்தனம் இது. கோபாலிடம் சொல்லித் தொலைக்காதே.

அந்த எரிச்சலில்தான், கெட்டிக்காரர்கள் வெளிச்சத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதமாக இதே பைத்தியம். மெக்சிகோவில் லூயிஸ் பாராகன் என்ற கட்டடக் கலைஞர் 1948-இல் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில், மாடிப்படி ஏறும் இடத்தில் பொன் பூசிய ஒரு பலகை இருக்கிறது. மத்தியாஸ் கோரிட்ஸ் என்ற சிற்பி செய்தது. உருவம் எதுவும் கிடையாது, வெறும் பொன். ஜன்னலில் வரும் வெயிலை அது வாங்கிப் படிகளின் மேல் மஞ்சளாக இறக்கிவிடுகிறது. ஒரு பல்பு கூடச் சேர்க்கவில்லை, பார்.

ஜப்பானில் ததாவோ ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் 1989-இல் கட்டிய தேவாலயம் இன்னும் துணிச்சல். முன்சுவர் கான்கிரீட்டைச் சிலுவையாகக் கீறி விட்டுவிட்டார். உள்ளே இருட்டு, அதனால்தான் அந்தச் சிலுவை எரிகிறது. கீறலுக்குக் கண்ணாடியே கூடாது என்றாராம். குளிரில் உட்காருகிறவர்கள் சம்மதிப்பார்களா? போட வைத்துவிட்டார்கள். மனுஷன் மறக்கவில்லை. 2017-இல் டோக்கியோ கண்காட்சியில் அதையே முழு அளவில் மறுபடி கட்டி, கண்ணாடியில்லாமல் திறந்து வைத்தார். உன் பிடிவாதம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. 1993-இல் கிழக்கு லண்டனில், வரிசை வீடுகளெல்லாம் இடிக்கப்பட்டு ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. ரேச்சல் ஒயிட்ரீட் என்ற சிற்பி அதன் உட்சுவர்கள் மேலெல்லாம் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்து, இறுகியதும் வெளிச்சுவர்களை உரித்து எடுத்துவிட்டார். சுவர் போய்விட்டது, நடுவில் இருந்த வெற்றிடம் கல்லாக நின்றது. கணப்பு அடுப்பு குழிந்திருந்த இடம் புடைத்துக்கொண்டு, ஜன்னல் கதவுகளின் அச்சு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு. பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு அந்த வருஷம் அவருக்குத்தான். 1994 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள்.

உன் வீட்டை அப்படி வார்த்தால் என்ன கிடைக்கும் என்று படுத்தபடி யோசித்தேன். உன் அப்பா காலையில் அந்த ஜன்னலடியில் பேப்பரோடு உட்காருவார், வெயில் நகர நகர நாற்காலியை இழுத்துக்கொண்டே போவார். தரையில் அந்த நாற்காலிக் கால்கள் தேய்த்த வளைவு இருக்குமே, அதுவும் அச்சில் விழும். கண்காட்சிக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதை அந்த மனுஷர் பேப்பர் படித்துக்கொண்டே செய்து வைத்திருக்கிறார். நாம் அதன் மேல் டைல்ஸ் ஒட்டப் போகிறோம்.

வீட்டை மாற்றாதே என்று சொல்லவில்லை. சமையலறை இருட்டு எனக்கே தெரியும், உன் அம்மா அதில் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். ஆனால் உடைக்கும் முன் ஒரு முழு நாள் அங்கே சும்மா இரு. மணிக்கொரு தரம் வெயில் எங்கே விழுகிறதோ, தரையில் சாக்பீஸால் கோடு போடு. சாயங்காலம் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு டிவிக்கு இடம் தேடு. சமையலறைக்கு வெளியே இருக்கிற மதிலுக்கு வெள்ளை அடித்தாலே பாதி இருட்டு போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. அந்த இரண்டு சுவரில் எது மாடியைத் தாங்குகிறது என்று எஞ்சினியர் வந்து பார்த்தாரா, இல்லை கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொன்னதா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

உன்
மீனா