அலையோடு வருவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கடல் கட்டுரையை ரசித்துப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு வரியில் இடறிவிட்டேன். நடுக்கடலில் புறப்பட்ட தண்ணீர் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து நம் காலை நனைக்கிறதாம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது அதுவல்ல.

இயற்பியல் நடத்திய காலத்தில், ஒரு நீளமான கயிற்றின் நடுவே சிவப்பு நூலைக் கட்டி, ஒரு முனையை மாணவன் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையை ஓர் உதறு உதறுவேன். கயிற்றில் ஒரு மேடு கிளம்பி ஓடும். நூல் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கி நின்றுவிடும். மாணவன் கை மட்டும் வெடுக்கென்று இழுபடும். என் கையிலிருந்த கயிறு அவனிடம் போகவில்லை, நான் போட்ட உழைப்புதான் போனது. கயிற்றின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைத் தூக்கிவிட்டுத் தான் அடங்கிவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தைத்தான் அலை என்கிறோம்.

பேச்சும் அப்படித்தான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. வாயிலிருந்து காதுக்குக் காற்றே அந்த வேகத்தில் வந்தால் அது மணிக்கு 1,200 கிலோமீட்டர் சூறாவளி. சௌக்கியமா என்று கேட்டால் போதும், எதிரில் இருப்பவர் பறந்துவிடுவார்!

சரி, கடலுக்கு வருவோம். ஆழமான நீரில் மிதக்கும் தக்கை, முகடு வரும்போது முன்னே போய், பள்ளம் வரும்போது பின்னே வந்து, கிட்டத்தட்ட ஒரு வட்டம் போட்டுப் பழைய இடத்தில் நிற்கும். கிட்டத்தட்டதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே கொஞ்சம் முன்னே நகர்கிறது என்பதை 1847-இலேயே இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே, நீர் நகரவே நகராது என்று அடித்துச் சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. கரையருகே கதையே வேறு. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. கடைசியில் முகடு கவிழ்ந்து உடையும்போது தண்ணீரே பாய்ந்து வருகிறது. நம் காலை நனைப்பது அந்தக் கரையோரத் தண்ணீர்தான். தூரத்திலிருந்து வந்தது ஆற்றல்.

இன்னொரு திருத்தம். அலை இரு மடங்கு உயர்ந்தால் ஆற்றலும் இரு மடங்கு என்று கட்டுரை சொல்கிறது. அலைநீளம், அதாவது அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே உள்ள தூரம், மாறாமல் உயரம் மட்டும் இரட்டித்தால், மேலே தூக்கப்படும் நீரும் இரு மடங்கு, அது ஏறும் உயரமும் இரு மடங்கு. அப்புறம் ஆற்றல் நான்கு மடங்காகாமல் என்ன செய்யும்? அரை மீட்டர் அலையோடு ஒப்பிட்டால் 2 மீட்டர் அலையில் 16 மடங்கு. சுனாமியை மட்டும் இப்படி உயரத்தை வைத்து எடைபோடக் கூடாது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும், உயரமோ பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது. மேலிருந்து அடிவரை மொத்த நீரும் அதில் அசைகிறது.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் படத்தையும் மாற்றிவிடுங்கள். அதில் அம்புக்குறிகள் எல்லாம் கரையைப் பார்த்தே நிற்கின்றன. ஆழ்கடல் பகுதியில் அவற்றை அழித்துவிட்டு, மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் வட்டங்கள் வரைந்தால் போதும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே எதையும் வரைய வேண்டாம், அங்கே அசைவு அநேகமாக அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்