1780 என்று இருந்தால் மட்டும் போதாது

குழு நண்பர்களுக்கு வணக்கம். மரியா தெரசா தாலர் என்னும் வெள்ளிக் காசின் படத்தைப் போட்டு, "1780ஆம் ஆண்டுக் காசு, என்ன விலை போகும்?" என்று பலர் கேட்கிறீர்கள். பொறுங்கள். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி இறந்த ஆண்டு அது. அதன்பிறகு அடித்த காசுகளிலும் அதே ஆண்டையே பொறித்தார்கள். எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் வணிகர்கள் இந்தக் காசைத்தான் நம்பினார்கள். அதனால் வியன்னாவோடு ரோம், லண்டன், ஏன், நம் பம்பாய் நாணயச்சாலையிலும் இதை அடித்திருக்கிறார்கள். வியன்னாவில் இன்றைக்கும் அடிக்கிறார்கள்! ஆகவே "அபூர்வம்" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

போலியா என்று பார்க்க முதலில் தராசில் வையுங்கள்: சுமார் 28.07 கிராம் இருக்க வேண்டும், வெள்ளி 83.3 சதவீதம். அடுத்து, அரசியின் தோளில் உள்ள ப்ரூச், அதாவது உடையில் குத்தும் அணி. அதன் முத்துகள் தனித்தனியாக, எண்ணும்படி தெரிய வேண்டும். அந்தக் காலத்து வணிகர்களும் அதைத்தான் எண்ணினார்களாம். விளிம்பில் புடைத்த இலத்தீன் எழுத்துகள் இருக்கும். வழவழப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

இனி விற்பனைப் பதிவில் இரு பக்கங்கள், விளிம்பு, தராசில் காட்டும் எடை ஆகிய நான்கு படங்களும் கட்டாயம். இல்லாத பதிவுகள் நீக்கப்படும்.